தந்தை பெயரும் முன்னோர் நிரலும்

குடிப்பெயர் ஒன்று தலைமுறைதோறும் மாறாது நின்று தொடராத மக்களிடையே, ஒருவனை இன்னான் எனச் சுட்டுதற்குத் தந்தை பெயரே துணையாயிற்று. தமிழர் வழக்கும் பெரும்பான்மை இத்தகையதே. இவ்வழக்குடையாரின் முன்னோர் நிரலை எழுதப் புகுவார்க்கு நேரும் இடர்ப்பாட்டை ஈண்டு ஆராய்வாம்.

தந்தை பெயரையும் மகன் பெயரையும் தொடுத்துக் கூறுதற்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதியே வகுத்துள்ளது. மக்கள் முறைமை தோன்ற இயற்பெயர்கள் தொகுங்கால், நிலைமொழியின் ‘அன்’ கெட்டு ‘அம்’ சாரியை பெறும் என்பது புள்ளிமயங்கியலிற் காணப்படுவது. உரையாசிரியர் காட்டும் சாத்தங்கொற்றன், சாத்தன் மகனாகிய கொற்றன் ஆவான். மறுதலையாக, மகன் பெயரால் தந்தையைச் சுட்டும் வழக்கும் அவ்வியலில் உண்டு. ஆதன் தந்தை ஆந்தை எனவும், பூதன் தந்தை பூந்தை எனவும் நிற்பர். பிசிராந்தையார் பெயரைக் கண்டு ஆதனை அவர்தம் முன்னோனாக எழுதுவார் நிரலைத் தலைகீழாக்குவர்.

பாட்டன் பெயரைப் பெறுதலாற் ‘பெயரன்’ எனப்பட்டமையும் கருதத்தக்கது. கொற்றன் மகன் சாத்தன், சாத்தன் மகன் கொற்றன் எனப் பெயர்கள் மாறி மாறி வருங்கால், பெயரொப்புமை ஒன்றே கொண்டு ஆளைத் துணிதல் இயலாது.

புகழூர்க் கல்வெட்டு இதற்குத் தக்க சான்றாம். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை அது ‘மகன்’ என்னும் சொல்லாற் பிணித்துக் கூறுகின்றது. இம்மூவரையும் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துக்களின் தலைவர்களாகக் கொள்வர் ஆய்வாளர் சிலர். முதல் இருவரைப் பொறுத்தவரை இது பொருந்துவதே. எட்டாம் பத்தின் பதிகம் பெருஞ்சேரல் இரும்பொறையைச் செல்வக்கடுங்கோவின் மகன் என்கின்றது. ஆயின் ஒன்பதாம் பத்தின் இளஞ்சேரல் இரும்பொறைக்குத் தந்தை குட்டுவன் இரும்பொறை என்பது அதன் பதிகம் கூறும் செய்தி. பதிகங்கள் காலத்தாற் பிற்பட்டவை என்பது உண்மையே. எனினும், ‘இளம்’ என்னும் அடையொப்புமை ஒன்றற்காகத் தந்தை பெயர் வேறுபாட்டைப் புறக்கணித்தல் பொருந்தாது என்பதே எம் துணிபு. பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ என்னும் புலவர் பெயர்கள் கல்வெட்டுப் பெயர்களோடு இன்னும் நெருங்கியனவாகவும், அவர்தம் உறவைக் கூறும் ‘மகன்’ என்னும் சொல் அங்கு இல்லை.

இக்காலத் தலைப்பெழுத்து இவ்விடரைப் பின்னும் பெருக்கிற்று. மு. வரதராசனார்க்கு ‘மு’ முனுசாமி என்னும் தந்தை பெயர். உ. வே. சாமிநாதையர்க்கோ ‘உ’ உத்தமதானபுரம் என்னும் ஊர்; ‘வே’ வேங்கடசுப்பையர் என்னும் தந்தை. எழுத்தளவில் இவ்வேறுபாடு புலப்படாது. மேனாட்டு முறையிற் கடைசிப் பெயரைக் குடிப்பெயராக்கி அமைக்கும் அட்டவணைகளோ, தந்தை பெயரை விரித்துப் பின்னே எழுதுவார் திறத்து, அத்தந்தையையே நூலாசிரியராகத் தோன்றச் செய்கின்றன. தலைப்பெழுத்தை விரித்து, ஊராயின் ஊர் எனவும் தந்தையாயின் இன்னார் மகன், இன்னார் மகள் எனவும் அட்டவணையிற் குறித்தல் வேண்டும். புகழூர்க் கல்லிற் பொறித்தோர் செய்ததும் அதுவே.