துக்கம் நெஞ்சை அடைக்கும் என்பது வெறும் பேச்சல்ல

"துக்கம் தொண்டையை அடைக்குது", "நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதெல்லாம் பேச்சு வழக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ரயில்வேயில் இரும்போடும் சிமெண்டோடும் பழகியவனுக்கு அளந்து காட்டினால்தான் நம்பிக்கை வரும். என் மனைவி காலமான பதினோராம் நாள் விடியற்காலையில் மார்பில் பெரும் பாரம் ஏறியது. துக்கம்தானே என்று புரண்டு படுத்தேன். பக்கத்து வீட்டுச் சேட்டன்தான் விடாப்பிடியாகப் பாலக்காட்டில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. நல்லவேளை, இருதயம் தப்பியது. அதன்பின் டாக்டரிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்.

ஆபத்து சிக்னல் கண்டால் ரயில் நிற்கும். உடலோ நேர்மாறு, துக்கச் செய்தி வந்ததும் எல்லா எஞ்சினும் ஓடத் தொடங்கும். அட்ரினலின் சுரக்கிறது, நாடி விரைகிறது, இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. பின்னால் வரும் கார்டிசால் என்ற சுரப்பு, நாள்கணக்கில் நீடித்தால் தூக்கத்தைக் கெடுத்து, சர்க்கரையை ஏற்றி, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்துகிறது. துணையை இழந்தவர்களின் வெள்ளை அணுக்கள் சில வாரங்களில் மந்தமாவதை 1977-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர்கள் காட்டினார்கள்.

இருதயமே உருமாறுவதும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விவரித்து 'டகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அங்கே அந்தப் பெயர். இடது கீழறை அந்தப் பானைபோல் உப்பிவிடும். மார்பு வலி, இ.சி.ஜி. எல்லாம் மாரடைப்புபோலவே இருக்கும். ஆஞ்சியோகிராம் எடுத்தால் அடைப்பு இராது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலரைக் கொன்றும் விடும். 2004-இல் நீகாட்டா பூகம்பத்துக்குப் பின் இந்நோய் அங்கே கூடியது.

உண்மையான மாரடைப்பும் வரலாம். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் அதன் அபாயம் வழக்கத்தைவிட சுமார் 21 மடங்கு என்று 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பயப்பட வேண்டாம், வழக்கமான அபாயம் மிகச் சிறியதாதலால் 21 மடங்கானாலும் பெரும்பாலோர்க்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்களுக்குத்தான் கவலை. இங்கிலாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 மனைவியை இழந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் மரணம் 40 சதவீதம் கூடியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வழக்கங்களில் இதற்கு மருந்து இருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு அக்கம்பக்கத்திலிருந்து வரும். தனியே படுக்க விடமாட்டார்கள். ஒப்பாரி வைத்து அழுவார்கள்.

அந்த அக்கம்பக்கமே போய்விட்டால்? நம் இடுக்கியில், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் அதுதான் நடந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர் மாண்டதாகக் கணக்கு. நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். சோறு கொண்டுவர வேண்டிய பக்கத்து வீட்டாரும் அதே மண்ணுக்கடியில் கிடந்தார்கள். கொரோனாக் காலமாதலால் கயத்தாறுப் பக்கத்துச் சொந்தங்கள் மலையேறி வருவதும் சிரமம். மிஞ்சியவர்கள் மழையில் நின்று, அடுத்து எந்த உடல் வருமோ என்று நாள்கணக்கில் காத்திருந்தார்கள். உடல் அந்த எஞ்சின் ஓட்டத்தை எப்போது நிறுத்தும்? தன் வீட்டுக் குழந்தையைத் தேடியலைந்த 'குவி' என்ற நாய்கூட, சடலம் கிடைத்தபின் உணவைத் தொடவில்லை.

வெளியூரில் சிறு குடும்பமாக இருக்கும் நமக்கும் பத்தாம் நாளுக்குள் வீடு காலியாகிவிடுகிறது. அழுகையில் முதலில் மறந்துபோவது இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும். எனக்கும் ஐந்து நாள் விட்டுப்போயிருந்தது. மார்பு வலி, மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை இவற்றில் எது கண்டாலும் துக்கம் என்று தள்ளிப்போடாமல் உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். நான் இப்போது துக்கம் விசாரிக்கப் போனால், வீட்டுப் பெரியவரிடம் முதலில் கேட்பது, "மாத்திரை போட்டீங்களா?" என்பதுதான். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.