ஒரு நிமிட ஆங்கிலத்தின் விலை 30 ரூபா

கிளிநொச்சி 113,510. முல்லைத்தீவு 92,238. வவுனியா 172,115. 2012 குடிசன மதிப்பீட்டின்படி வன்னியின் இந்த மூன்று மாவட்டங்களிலும் இருந்தவர்கள் 377,863 பேர். நிலப்பரப்போ 5,863 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு 64 பேர். அதே ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 570 பேர். வன்னிப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றி யார் கணக்குப் போட்டாலும் இந்த 64 இல்தான் தொடங்கவேண்டும். சனம் ஐதாக இருந்தால் பாடசாலை சிறிதாகும். பாடசாலை சிறிதானால், அதற்கென்று ஓர் ஆங்கில ஆசிரியர் கட்டுபடியாகாது என்ற பேச்சும் வரும். அந்தப் பேச்சு சரிதானா என்று பார்ப்போம்.

காலஅட்டவணைக் கணக்கு

வாரத்துக்கு 5 பாடவேளை, பாடவேளைக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 பாடவேளை, அதாவது 133 மணித்தியாலம். தரம் 6 முதல் 11 வரையான ஆறு ஆண்டுகளில் 1,200 பாடவேளை, 800 மணித்தியாலம். ஆங்கிலத்தைச் சுயமாகக் கையாளும் பி2 நிலைக்கு, ஆசிரியர் வழிகாட்டலுடன் 500 முதல் 600 மணித்தியாலம் தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தின் மதிப்பீடு. ஆக, காகிதத்தில் நேரம் தாராளமாக இருக்கிறது. பிள்ளைக்கு அது போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி.

இழப்புக் கணக்கு

2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. 2009 ஜனவரி 2 இல் நகரம் இராணுவத்தின் கையில் விழுந்தது. மே மாதம் போர் முடிந்தபோது 280,000க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலானோர் இருந்தது செட்டிகுளம் மெனிக் பாமில். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஒரு பிள்ளை ஒரே ஓர் ஆண்டை மட்டும் இழந்தது என்று குறைத்துப் போட்டாலும், போனது 133 மணித்தியாலம், ஆறில் ஒரு பங்கு. பின்னர் 2020 மார்ச்சில் கொரோனாவும் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் பாடசாலைகளை மூடின.

பாடசாலையில் விட்டதை ரியூசனில் பிடிக்கலாம் என்பார்கள். 2016 ஆம் ஆண்டின் வறுமை வீதம் நாடளாவிய ரீதியில் 4.1, முல்லைத்தீவில் 12.7, கிளிநொச்சியில் 18.2, நாட்டிலேயே ஆகக் கூடியது. ரியூசன் காசு எல்லா வீட்டிலும் இருக்காது.

தெருக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 65 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் ஏ9 வீதியால் வந்துபோகும் ஆசிரியருக்கு நாளுக்கு 130 கிலோமீற்றர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் 200 பாடசாலை நாட்களில் 600 மணித்தியாலம் பஸ்ஸிலேயே கழிகிறது. வாரத்துக்கு 30 பாடவேளை படிப்பிக்கும் ஒருவர் ஆண்டு முழுவதும் வகுப்பில் நிற்பது 800 மணித்தியாலம். கிளிநொச்சி நகரத்தோடு பயணம் முடிவதுமில்லை. உள்ளூர்ப் பாடசாலைக்கு அதற்கப்பாலும் போகவேண்டும். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பதில் வியப்பில்லை. கதிரை வெறுமையானதும் பிள்ளையின் 800 மணித்தியாலம் கரையத் தொடங்குகிறது.

பேச்சுக் கணக்கு

மொழி வாயால் வருவது. 40 நிமிடத்தில் ஆசிரியருக்கு 20, பிள்ளைகளுக்கு 20 என்று பிரிப்போம். 30 பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 40 விநாடி. 15 பேர் வகுப்பில் 80 விநாடி. ஆண்டுக் கணக்கில் முன்னவருக்கு 133 நிமிடம், பின்னவருக்கு 267 நிமிடம்.

செலவைப் பாருங்கள். ஆசிரியருக்கு மாதம் 60,000 ரூபா என்று கொண்டால் ஆண்டுக்கு 720,000 ரூபா. அவர் ஆறு வகுப்புகள் எடுக்கிறார். வகுப்புக்கு 30 பேர் என்றால் 180 பிள்ளைகள், தலைக்கு 4,000 ரூபா. வகுப்புக்கு 15 பேர் என்றால் 90 பிள்ளைகள், தலைக்கு 8,000 ரூபா. சிறிய பாடசாலையில் செலவு இரட்டிப்பு என்று அதிகாரிகள் காட்டுவது இந்த வரியைத்தான். அடுத்த வரியையும் எழுதுங்கள்: 4,000 ஐ 133 ஆல் வகுத்தால் 30 ரூபா. 8,000 ஐ 267 ஆல் வகுத்தாலும் 30 ரூபா. பிள்ளை ஆங்கிலம் பேசும் ஒரு நிமிடத்தின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றே. சிறிய பாடசாலை அந்தச் சரக்கை இரண்டு மடங்கு தருகிறது, அவ்வளவுதான்.

இலங்கையின் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளில் மூன்றிலொரு பங்கில் 100 பிள்ளைகள்கூட இல்லை. அவற்றை மூடலாமா, இணைக்கலாமா என்ற பேச்சு இப்போது அடிபடுகிறது. வன்னியில் அந்த முடிவை எடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். 2021 இல் தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் 58,822 ஈழத்தமிழர் இருந்தார்கள். அங்கிருந்து திரும்பும் குடும்பத்தின் பிள்ளை வேறொரு பாடத்திட்டத்திலிருந்து இடைநடுவில் வந்து சேருகிறது. சிங்களத்தையும் புதிதாகத் தொடங்கவேண்டும். 15 பேர் வகுப்பில் அந்தப் பிள்ளையை ஆசிரியர் கவனிக்க முடியும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் ஆங்கிலத்தில் படிப்பிக்கின்றன. வவுனியா 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் கற்ற பிள்ளை நுழையக்கூடிய வாசல்கள் வன்னிக்குள்ளேயே இருக்கின்றன. நாலைந்து சிறிய பாடசாலைகளுக்கு நடுவே ஓர் ஆசிரியர் விடுதியும், அங்கே தங்கும் இரண்டு மூன்று ஆங்கில ஆசிரியர்களும் இருந்தால் பஸ்ஸில் போகும் 600 மணித்தியாலம் மிஞ்சும். பாடசாலையை மூடும் கோப்பில் கையெழுத்திடுமுன், வலயக் கல்விப் பணிப்பாளர்கள் அந்த விடுதிக்கான மதிப்பீட்டை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.