கையறுநிலையும் மீட்பும்

துயரைப் பாடுதல் தமிழில் மிகத் தொன்மையான மரபு. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறினார். அவற்றுள் இழவைப் பொருளாகக் கொண்டு எழுந்த பாடல்கள் புறத்திணையில் கையறுநிலை என்னும் துறையில் அமைந்தன. பிற்காலத்தே கிறித்தவக் காப்பியங்கள் தமிழில் தோன்றியபொழுது, மீட்பு என்னும் கருத்து இம்மரபோடு வந்து கலந்தது. மீட்பை நம்புவோர்க்குச் சாவு முடிந்த முடிபன்று; ஆகலின், அவர்தம் பாட்டில் அவலச்சுவை ஆழம் பெறாது என்று கருத இடமுண்டு. அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மீட்பு என்னும் சொல்லை நோக்குவாம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டல் பண்டைப் போர்முறைகளுள் ஒன்று. தொல்காப்பியர் இதனை வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. அடகு வைத்த நகையை மீட்டல் இன்றும் உலகவழக்கு. இவ்விரு வழக்கிலும் மூன்று கூறுகள் பொதுவாக உள்ளன. இழப்பு மெய்யானது, எனினும் இழந்த பொருளின்மேல் உரியவனது உரிமை அறவில்லை, அதனைத் திரும்பப் பெறுதற்கு விலை உண்டு. நிரை மீட்கச் சென்று பட்ட மறவன் தன் உயிரையே விலையாகத் தந்து நடுகல்லானான்.

கிறித்தவர் கூறும் மீட்பிலும் இம்மூன்று கூறுகளும் உள்ளன. பாவத்துக்கும் சாவுக்கும் அடிமைப்பட்ட மாந்தரை, இயேசு சிலுவையில் தம் உயிரை ஈந்து மீட்டார் என்பது அவர் கொள்கை. கரந்தை மறவனோ கல்லாகி நின்றான். இயேசுவோ மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பர். இவ்வொப்புமை கொள்கையின் பிறப்பை விளக்குவதன்று. தமிழ்ச்சொல் அக்கொள்கையைத் தாங்கும் ஆற்றலைக் காட்டுவதாகும். மீட்பு என்பது இழப்பை மறுக்கும் சொல்லன்று என்பதே நாம் ஈண்டுக் கருதற்பாலது. இழக்காததை மீட்டல் யாங்ஙனம்?

இனி, இக்கருத்து இலக்கியத்தில் இயங்குமாற்றைக் காண்பாம். புறநானூற்று 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி கலம் செய்யும் வேட்கோவை விளித்து, தனக்கும் இடம் உண்டாகுமாறு ஈமத்தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். அவள் வேண்டுவது மீட்சியன்று, உடன்மறைவு. துயரின் எல்லை அத்தாழியோடு முடிகிறது. கையறுநிலையின் தூய வடிவம் இஃது எனலாம்.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி சூசையப்பரை வளன் எனும் பெயரால் தலைவராகக் கொண்டது. அதன்கண் திருமுழுக்கு யோவான் கருணையன் என்று அழைக்கப்பெறுகிறான். கானகத்தில் உடன் வாழ்ந்த அன்னை எலிசபெத்து இறக்க, அவன் தனியனாகிப் புலம்புகிறான். மழைத்துளி இன்மையால் மணி முற்றுமுன் காய்ந்த இளம்பயிராகவும், கொம்பினின்று கொய்யப்பட்ட மலராகவும், நச்சு அம்பு துளைத்த புண்ணாகவும் தன்னைக் காண்கிறான். பிழைக்கும் நெறி அறியேன், காட்டில் செல்லும் வழியும் அறியேன் எனக் கலங்குகிறான். மரங்களும் சுனைகளும் உடன் அழுவன போல ஒலிக்கின்றன. சமய நம்பிக்கை நிறைந்த காப்பியம் என்பதற்காக ஆசிரியர் இவ்வழுகையைச் சுருக்கினாரல்லர். உடனே ஆறுதல் கூறி அடக்கினாருமல்லர். சங்கப் புலவர் போலவே துயரை அதன் முழு அளவிற்கு வளரவிட்டார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உளது. தாயின் உடலை அடக்கம் செய்யுங்கால், அவ்வுடலை அன்புடன் காக்குமாறு நிலத்தை வேண்டி, மலர்ப்படுக்கை பரப்புகிறான் கருணையன். புறநானூற்று மகள் தாழியுள் தானும் புக விரும்பினாள். இவனோ நிலத்தினிடம் தாயை ஒப்படைக்கிறான். ஒப்படைத்தல் என்பது திரும்பப் பெறும் உரிமையை உட்கொண்டது. விதைத்த வித்து முளைத்தெழுதல்போல இறந்தார் எழுவர் எனத் தூய பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகம் உரைக்கும். மண்ணில் காய்ந்த பயிரென அழுதவனே மண்ணைக் காவலாகக் கொள்வது அந்நம்பிக்கையின் குறிப்பாகும் என்பது எம் கருத்து. மேலும், செல்லும் வழி அறியேன் என்று கானில் அழுத இவனே, விவிலியத்தின்படி, பின்னர்ப் பாலைநிலத்தில் நின்று ஆண்டவர்க்கு வழியை ஆயத்தம் செய்யப் பிறரை அழைத்தவன். இதனை அறிந்து படிப்போர்க்கு அவ்வழுகையின் பொருள் இருமடங்காகிறது.

ஆங்கில ஆசிரியர் பனியன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதில் பகைவர் கையில் இயேசு கட்டுண்டு நிற்கும் காட்சி எண்ணத்தக்கது. அவரைப் பிணித்தது கயிறன்று, பகைத்தவர்க்கும் இரங்கிய அன்பே என்கிறார் ஆசிரியர். மீட்பவர் துயருக்குப் புறத்தே நின்று கைநீட்டுபவரல்லர். துயருள் தாமே புகுந்து கட்டுண்டவர். அதனாலேயே அழுவோர் அவரை நம்புதல் கூடுகிறது.

எனவே, மீட்பு நம்பிக்கை அவலச்சுவையைக் குறைக்கும் என்னும் கருத்து இக்காப்பியங்கள்மாட்டுப் பொருந்தாது. அழுகைக்கு இடங்கொடாத நம்பிக்கை ஆறுதல் மொழியளவில் நின்றுவிடும். இழவின் அளவை முழுதும் அறிந்தவனுக்கே மீட்பின் விலை விளங்கும். தமிழ்க் கிறித்தவப் புலவர் கையறுநிலையை ஒழித்தாரல்லர். அதன் முடிவில் மூடியிருந்த வாயிலைத் திறந்து வைத்தார் என்க.