தலைவர் போன பின்பு

வேதவாசிப்பு: யோவான் 13:1-17, 21:1-14, அப்போஸ்தலர் 1:12-26

கண்டி நகரில் வாழும் நமக்கு விளையாட்டு மைதானம் புதிதன்று. இலங்கையின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டி, 1906ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே இந்நகரிலேயே நடைபெற்றது என்பதை இங்குள்ள முதியோர் இன்றும் பெருமையோடு கூறுவர். ஆனால் நகரைத் தாண்டி கம்பளை, நாவலப்பிட்டி, ஹந்தானைப் பக்கமாகச் சென்றால் நிலைமை வேறு. அங்கே தேயிலை மலைகளுக்கு நடுவில் ஒரு துண்டுச் சமநிலம் கிடைத்துவிட்டால், இரண்டு மூங்கில்களை நட்டு உதைபந்தாடத் தொடங்கிவிடுவார்கள் நம் பிள்ளைகள்.

அத்தகைய தோட்டத்து அணி ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அவர் பாடசாலை ஆசிரியராகவோ முன்பு நன்றாக விளையாடிய அண்ணன் ஒருவராகவோ இருப்பார். பந்தைத் தம் வீட்டில் பாதுகாப்பவர் அவர். சப்பாத்து இல்லாத பையனுக்குச் சப்பாத்துத் தேடிக் கொடுப்பவரும், அடிபிடி சண்டையை விலக்குபவரும், மகனை விளையாட அனுப்ப மறுக்கும் தாயிடம் போய்ப் பேசுபவரும் அவரே. ஒரு நாள் அவருக்கு இடமாற்றம் வருகிறது, அல்லது மத்திய கிழக்குக்குப் போகிறார், அல்லது மரித்துப்போகிறார். அந்த ஆண்டு அவர் நினைவாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். மறு ஆண்டு, அணித்தலைவர் யார் என்பதில் வாக்குவாதம் எழுகிறது. அதற்கடுத்த ஆண்டு மேற்பிரிவு அணி, கீழ்ப்பிரிவு அணி என இரண்டு அணிகள். பின்னர் மைதானத்தில் புல் வளர்ந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் அவரது திறமை இல்லாமற் போனதுதானா? இல்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. பிள்ளைகளின் கால்களில் இருந்த திறமை அப்படியே இருந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். ஆரக்கால்கள் யாவும் நடுவிலுள்ள குடத்தில் பொருந்தியிருக்கின்றன. ஆனால் ஓர் ஆரக்கால் மற்றொன்றைத் தொடுவதில்லை. வெளியே சுற்றியிருக்கும் வட்டையே அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது. நம் அணிகளில் குடம் இருந்தது. வட்டை இருக்கவில்லை. ஒவ்வொருவரும் அந்த மனிதரை நேசித்தார்கள். ஒருவரையொருவர் நேசிக்க வேண்டிய தேவை, அவர் இருந்தவரையில் யாருக்கும் வரவில்லை.

அயல்நாடான இந்தியாவின் உதைபந்தாட்ட வரலாற்றில் இதற்குப் பெரியதோர் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த செய்யத் அப்துல் றஹீம் என்ற ஆசிரியர் 1950 முதல் இந்திய அணியின் பயிற்றுநராக இருந்தார். அவரது காலத்தில் அவ்வணி 1951ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப்பதக்கம் வென்றது. 1956ஆம் ஆண்டு மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. வங்காளி, பஞ்சாபி, தெலுங்கர், தமிழர் என மொழியாலும், இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் என மதத்தாலும் வேறுபட்டவர்கள் அவரின் கீழ் ஒன்றாக விளையாடினார்கள். சென்னை இராணுவ ரெஜிமெண்டில் வளர்ந்த பீற்றர் தங்கராஜ் அவர்களில் ஒருவர்.

1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவின்போது றஹீம் ஏற்கெனவே நோயாளி. இஸ்ரேலும் தாய்வானும் அவ்விழாவில் சேர்க்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், இந்தோனேசிய மக்கள் இந்திய அணி மீது கடுங்கோபத்தில் இருந்தனர். முதற்போட்டியில் தென் கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான போட்டியில் பின்வரிசை வீரரான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். றஹீம் அவரைக் கைவிடவில்லை. தையலிட்ட நெற்றியோடு முன்வரிசையில் நிறுத்தினார். இறுதிப்போட்டிக்கு முன்னர் தம் வீரர்களிடம், தமக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைய தங்கப்பதக்கமே அப்பரிசு என்று அவர் கேட்டதாக அவ்வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். செப்டெம்பர் 4ஆம் திகதி, அரங்கு நிறைந்த மக்களின் கூச்சலுக்கு நடுவே, அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்றது. கோல்களை அடித்தவர்கள் பீ.கே. பானர்ஜியும், காயப்பட்ட ஜர்னைல் சிங்கும். கோல் காத்தவர் தங்கராஜ்.

அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் திகதி றஹீம் புற்றுநோயால் மரித்தார்.

வீரர்கள் அதே வீரர்கள். 1964ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம் வந்தார்கள். 1970இல் பாங்கொக்கில் வெண்கலப்பதக்கம் கிடைத்தது. அதற்குப் பின்னர் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமேனும் கிடைக்கவில்லை. 1960க்குப் பின் ஒலிம்பிக்கிலும் அவ்வணி விளையாடவில்லை. இதற்கெல்லாம் ஒரு மனிதரின் மரணத்தையே காரணமாகச் சொல்வது நியாயமாகாது. மற்றைய நாடுகள் முன்னேறின. நிர்வாகம் காலத்தோடு மாறவில்லை. எனினும், பல்வேறு மொழிக்காரரை ஒரே குடும்பமாக வைத்திருந்த அந்த ஆசிரியரின் இடத்தை நிரப்ப எவருமில்லை என்ற பேச்சு இன்றுவரை அங்கே ஓயவில்லை.

இதற்கு மாறான ஒரு சம்பவமும் உண்டு. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி, ஆபிரிக்க நாடான சாம்பியாவின் தேசிய அணி பயணம் செய்த விமானம் காபோன் நாட்டின் லிப்ரவில் நகருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. 18 வீரர்களும் பயிற்றுநருமாக விமானத்தில் இருந்த 30 பேரும் மாண்டனர். அணியின் புகழ்பெற்ற வீரரான கலுஷா புவால்யா நெதர்லாந்தில் விளையாடிக்கொண்டிருந்தமையால் அவ்விமானத்தில் இருக்கவில்லை. புதிய பிள்ளைகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட அணிக்கு அவர் தலைவரானார். ஓராண்டு முடிவதற்குள் அவர்கள் ஆபிரிக்கக் கிண்ண இறுதிப்போட்டியை எட்டி, நைஜீரியாவிடம் 2-1 எனத் தோற்றார்கள். 2012இல் அதே லிப்ரவில் நகரில் இறுதிப்போட்டி. அதற்கு முன்னர் சாம்பிய வீரர்கள் கடற்கரைக்குச் சென்று மலர் வைத்தார்கள். பெனால்டி உதைகளில் 8-7 என ஐவரி கோஸ்ட் அணியை வென்றார்கள். உதைகள் நடந்துகொண்டிருந்த வேளை, மற்ற வீரர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பாடிக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் உலகம் கண்டது. அது வட்டை.

நம் ஆண்டவருடைய சீஷர்கள் எந்த நிலையில் இருந்தார்கள்? உண்மையைச் சொன்னால், அவர்களும் குடத்தில் மட்டும் பொருந்திய ஆரக்கால்களே. மீன்பிடிகாரரும் வரி வசூலித்தவரும் ரோமரை எதிர்த்த செலோத்தேயரும் இயேசுவின் பொருட்டன்றி ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். கடைசி இராப்போஜனத்தின்போதே, தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் அவர்களிடையே எழுந்ததை லூக்கா 22ஆம் அதிகாரம் மறைக்காமல் கூறுகிறது. தலைவர் இன்னும் பந்தியிலிருக்கிறார். அணித்தலைவர் பதவிக்குச் சண்டை தொடங்கிவிட்டது!

அந்த இரவில் அவர் செய்தது என்ன? தமக்குப் பின் தலைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. துணியைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, யூதாஸ் உட்பட அனைவரின் கால்களையும் கழுவினார். அதன்பின், தமக்குத் திரும்பக் கழுவும்படி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவருடைய கால்களை மற்றவர் கழுவவேண்டும் என்றார். குடத்தை நோக்கி வந்த அன்பை அவர் வட்டையின் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

இக்காட்சியைக் காண நீங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தில், அக்கல்லூரியின் பழைய மாணவரான ஓவியர் டேவிட் பெயின்ரர் தீட்டிய சுவரோவியங்களில் ஒன்று சீஷரின் கால்களைக் கழுவும் இயேசுவைக் காட்டுகிறது. வேறொன்று, செபெதேயுவின் குமாரருக்கு முதல் ஆசனங்களைக் கேட்டு வந்த தாயின் காட்சி. பதவி கேட்ட கதையும் பாதம் கழுவிய கதையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பொருத்தமே.

அவ்வாலயத்துக்கே ஒரு கதை உண்டு. 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த வண. ஏ.ஜீ. பிரேசர், அக்கல்லூரியைப் பல இனத்து மாணவர் கூடி வாழும் இடமாக்கிய பெருந்தலைவர். அவருடைய காலத்தில் தொடங்கிய ஆலயப் பணி முடிவதற்கு முன்பே அவர் ஆபிரிக்காவிலுள்ள அச்சிமோட்டா கல்லூரிக்குப் போய்விட்டார். கண்டிய மரபில் கற்றூண்களோடு அதனை வடிவமைத்தவர் உடன் ஊழியரான வண. எல்.ஜே. காஸ்ரர். பிரேசர் கண்டியை விட்டுப் பதினொரு ஆண்டுகள் சென்ற பின், 1935இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. மதில்கள் அடைக்காத அந்த ஆலயத்தில் நின்று பார்த்தால், எந்தத் தூண் யாருடைய காலத்தில் நிறுத்தப்பட்டது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது.

சீஷர்கள் அன்றிரவே பாடம் கற்றுவிடவில்லை. மேய்ப்பன் வெட்டப்படும்போது ஆடுகள் சிதறும் என்று ஆண்டவர் முன்னறிவித்தபடியே ஓடிப்போனார்கள். உயிர்த்தெழுந்த பின்பும், தோமா முதற்கூட்டத்தில் இல்லை. திபேரியாக் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவர்கள் ஏழு பேர் மட்டுமே. எஞ்சிய நால்வர் அங்கில்லை. உங்கள் சபையின் போதகர் மாற்றலாகிப் போன ஆண்டை நினைத்துப் பாருங்கள். பாடகர் குழுவில் எத்தனை பேர் எஞ்சினார்கள்? வாலிபர் சங்கம் எத்தனையாகப் பிரிந்தது? ‘ஐயா இருந்திருந்தால் இப்படி நடக்காது’ என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அது அவருக்குப் புகழ்ச்சி என்று நினைத்தே சொல்லுகிறோம்.

ஆயினும் அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் அந்தப் பதினொருவரும் மேல்வீட்டறையில் மீண்டும் ஒன்றாயிருக்கிறார்கள். யூதாஸின் வெற்றிடத்தை நிரப்பவேண்டும். இயேசுவின் இடத்தை நிரப்ப எவரும் முன்வரவில்லை. பேதுரு வைத்த தகுதி பேச்சுத்திறமுமல்ல, குடும்பப் பெருமையுமல்ல. யோவானின் ஞானஸ்நானம் முதற்கொண்டு தங்களோடு கூடவே இருந்தவனாயிருக்க வேண்டும், அவ்வளவே. இருவர் அத்தகுதி பெற்றனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது.

மற்றவர், யுஸ்து என்னும் மறுபெயர் கொண்ட யோசேப்பு. ஆரம்பம் முதல் உடனிருந்தவர். பன்னிருவரில் ஒருவராக வாய்ப்பு வந்து கைநழுவியவர். உதைபந்தாட்ட மொழியில் சொன்னால், கோட்டுக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர். அவர் முறுமுறுத்ததாகவோ, தமக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்ததாகவோ, எழுந்து வெளியே போனதாகவோ வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த அதிகாரம் தொடங்கும்போது, பெந்தெகொஸ்தே நாளில், அனைவரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள்.