சங்கத்தின் காணி யாருடைய பெயரில் இருக்கிறது?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுத்து வந்தார். அடுத்த ஆண்டு ஆர்வலர்கள் கூடிக் குழு அமைத்து, ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகத்தைத் திறந்தார்கள். 1935 இல் அது நகர சபையின் பொறுப்புக்குப் போனது. தொடங்கியவர்களின் காலம் முடிந்த பிறகும் அந்தச் சேகரிப்புக்குச் சட்டப்படி ஓர் உடைமையாளர் இருந்தார்.

இன்று குடாநாட்டில் சங்கம் இல்லாத ஊர் இல்லை. சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், முதியோர் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று ஒவ்வொன்றும் உழைப்பாலும் நன்கொடையாலும் வளர்ந்தவை. இவற்றில் பலவற்றிடம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால், சங்கத்தின் காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் எல்லோரிடமும் இல்லை.

தலைவரின் பெயரில் உறுதி

வழக்கமாக நடப்பது இதுதான். வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்கள் காசு அனுப்புகிறார்கள். வாசிகசாலைக்கு இரண்டு பரப்புக் காணி வாங்கப்படுகிறது. சங்கத்தின் பெயரில் உறுதி முடிக்க முடியாது என்று நொத்தாரிசு சொல்ல, நம்பிக்கையான மனிதர் என்பதால் தலைவரின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். “இது சங்கத்தின் காணி” என்று கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானமும் எழுதப்படுகிறது.

அந்தத் தீர்மானம் மட்டும் காணியைச் சங்கத்துக்கு மாற்றாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும். தலைவர் திருமணமானவராக இருந்தால், யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் அந்தக் காணி அவருடைய தேடியதேட்டம் (திருமண காலத்தில் தேடிய சொத்து) என்று உரிமை கோரப்படலாம். அவர் இறந்தால் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி உரித்தாளிகளுக்கு என்று பங்கு பேசப்படும். காசு கொடுத்தது சங்கம், பெயர் மட்டுமே அவருடையது என்று நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தை வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். ஒருவரும் களவெடுக்காமலே ஊர்ச் சொத்து கைநழுவிப் போவது இப்படித்தான்.

எந்தப் பதிவு எதைத் தரும்?

சங்கம் அமைக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(இ) உறுப்புரை தருகிறது. ஆனால் சங்கம் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் சட்டம் அதைத் தனியான ஓர் ஆளாக ஏற்க வேண்டும். எல்லாப் பதிவும் அந்தத் தகுதியைத் தருவதில்லை.

1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் (பதிவும் மேற்பார்வையும்) சட்டத்தின் கீழ் வறியவர்கள், நோயாளர்கள், மாற்றுத்திறனாளிகள், அநாதைகள் போன்றோருக்கு உதவும் அமைப்புகள் பதிவு செய்கின்றன. பணி ஒரு பிரதேசத்துக்குள் என்றால் பிரதேச செயலகம், மாவட்டம் முழுவதும் என்றால் கச்சேரி, நாடு தழுவியது என்றால் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம். இது மேற்பார்வைக்கான பதிவு. சங்கத்தைச் சட்டப்படி தனி ஆளாக்குவது இதன் வேலை அல்ல. நிதி மோசடி நடந்ததற்கு ஆதாரம் கிடைத்தால் இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கும் அதிகாரத்தை 1998 ஆம் ஆண்டின் திருத்தம் அரசுக்குக் கொடுத்தது.

உள்ளூராட்சி மன்றத்தில் சனசமூக நிலையத்தையும், விளையாட்டுத் துறையில் கழகத்தையும் பதிவதும் பெரும்பாலும் இதே வகைதான். அங்கீகாரமும் அரச உதவியும் கிடைக்கும். காணி வைத்திருக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

அதற்கு நான்கு வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. பங்குகள் இல்லை, இலாபப் பங்கீடு இல்லை. நிர்வாகம் மாறினாலும் கம்பனி அப்படியே இருக்கும். ஆண்டறிக்கையும் கணக்காய்வும் தவறக்கூடாது.

இரண்டாவது, 1891 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். சொத்து நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் பெயரில், சங்கத்துக்காக இருக்கும்.

மூன்றாவது, 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தருமசாதன உறுதி. கோயிலுக்கும் கல்வி நிதியத்துக்கும் பொருத்தமானது. ஒரு பொறுப்பாளர் விலகினாலோ இறந்தாலோ அடுத்தவர் எப்படி நியமிக்கப்படுவார் என்பது உறுதியிலேயே இருக்க வேண்டும். அந்த ஒரு பந்தி விடுபட்டதால் நீதிமன்றம் ஏறிய கோயில்கள் குடாநாட்டில் உண்டு.

நான்காவது, கூட்டுறவுச் சங்கம். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தில் பதிந்ததும் அது தனியான கூட்டிணைக்கப்பட்ட அமைப்பாகிவிடும். மீனவர், பனை தென்னை வளத் தொழிலாளர் சங்கங்கள் நடந்த பாதை இது. மூளாய் கூட்டுறவு ஆஸ்பத்திரி, மருத்துவத்தையும் இந்த வடிவத்தில் நடத்தலாம் என்று காட்டியது.

யாப்பில் கட்டாயம் இருக்க வேண்டியவை

இன்னொரு சங்கத்தின் யாப்பைப் பெயர் மாற்றிப் போட்டோப் பிரதி எடுப்பது பெருந்தவறு. உறுப்பினர் யார், சந்தா கட்டாவிட்டால் வாக்குரிமை என்னவாகும், பொதுச்சபைக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், கோரம் எத்தனை பேர், நிர்வாகப் பதவியில் ஒருவர் எத்தனை ஆண்டு தொடரலாம் என்பவை எண்ணிலேயே எழுதப்பட வேண்டும். செயலாளர் வெளிநாடு போனால் எத்தனை நாளில் பதில் செயலாளர் தெரிவு என்பதும் நம் ஊருக்குத் தேவையான விதி. எல்லாவற்றிலும் முக்கியமானது கலைப்பு விதி: சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினருக்குப் பிரியாது, ஒத்த நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்கே சேரும் என்று எழுதுங்கள்.

வெளிநாட்டுக் காசு

பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு நன்கொடை அனுப்பச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். நிதி நிறுவனங்களுக்கான 2016 ஆம் ஆண்டின் வாடிக்கையாளர் உரிய கவன விதிகள், அமைப்போடு தொடர்புடையவர்களின் தனிப்பட்ட கணக்குகளை நன்கொடை சேர்க்கப் பயன்படுத்த இடமளிக்கக் கூடாது என்று வங்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. கணக்கு சங்கத்தின் பெயரில், குறைந்தது இருவர் ஒப்பத்தோடு இருக்க வேண்டும். அனுப்பும் அமைப்பு தடைப்பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். 2014 இல் புலம்பெயர் அமைப்புகள் உட்பட 16 அமைப்புகள் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டன. 2015 இல் சில நீக்கப்பட்டன. 2021 இல் மீண்டும் சேர்க்கப்பட்டவையும் உண்டு. பட்டியல் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

இலாபநோக்கற்றது என்பதால் வரி இல்லை என்று எண்ண வேண்டாம். 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதுகிறது. நிவாரணப் பணிகளுக்குச் சலுகை உண்டு, அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஏடுகள்

1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் கிளம்பியவர்களால் கூட்ட அறிக்கைப் புத்தகங்களை எடுத்துப்போக முடியவில்லை. அந்த இழப்பு இன்றும் காணிப் பிணக்குகளில் தெரிகிறது. உறுதி, யாப்பு, பதிவுச் சான்றிதழ், கணக்காய்வு அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து நிர்வாக சபை முழுவதற்கும் அனுப்புங்கள்.

புதிதாகச் சங்கம் தொடங்குவோர், பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடுவதற்கு முன் யாப்பை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பழைய சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுதியை மேசையில் வைத்து, அதிலுள்ள பெயரை எல்லோருக்கும் கேட்க வாசியுங்கள். அது தனிமனிதரின் பெயராக இருந்தால், அவர் நலமாக இருக்கும்போதே, அவருடைய முழுச் சம்மதத்தோடு மாற்றி எழுதுங்கள். அவருடைய நல்ல பெயருக்கும் அதுதான் பாதுகாப்பு.