குண்டைப் பார்த்தோம், கண்ணைப் பார்க்கவில்லை

2025 ஜூலை 7, திருச்செந்தூர் கோயில் கும்பாபிஷேகம். கடற்கரை தெரியாத அளவுக்குக் கூட்டம். கோபுரக் கலசங்களில் நீர் ஊற்றியதும் ட்ரோன்கள் எழும்பி வந்து கூட்டத்தின் மேல் புனித நீரைத் தெளித்தன. ஒரு துளியாவது மேலே படாதா என்று ஆயிரக்கணக்கான கைகள் வானத்தை நோக்கி நீண்டன. கோயிலுக்குப் போக முடியாதவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் ட்ரோன் நல்ல பெயரோடுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடிக்கிறது. வயலில் மருந்து அடிக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நாலு ரத வீதிக்கும் மேலே நின்று காட்டுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வன்னியில், தமிழ்ப் பிள்ளைகள் இதே மாதிரியான சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடிய காலம் ஒன்று உண்டு.

இலங்கை விமானப்படை 1996-லேயே இஸ்ரேலிடமிருந்து ஆளில்லா வேவு விமானங்களை வாங்கிவிட்டது. வன்னி மக்கள் அதற்கு வைத்த பெயர் 'வண்டு'. அது குண்டு போடாது. மணிக்கணக்கில் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே நடப்பதைப் படமாக்கித் தரைக் கட்டுப்பாட்டு அறைக்கு அப்போதைக்கப்போதே அனுப்பும். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், தொலைவிலிருக்கும் பீரங்கிக்கோ கிபிர் போர் விமானத்துக்கோ அதுவே இலக்கு. வண்டு சுற்றினால் பின்னாலேயே ஷெல் வரும் என்பதை மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போரின் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும், தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே அடுப்பு மூட்டுபவர்களுக்கும் ஒரு காது எப்போதும் மேலேயே இருந்தது.

2009 ஜனவரியில் அரசே 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த பகுதிக்குள் ஷெல்கள் விழுந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பல தடவை தாக்கப்பட்டது. அந்த மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்று 2011-இல் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு எழுதியது. எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, எங்கே கூட்டம் திரண்டிருக்கிறது என்று மேலிருந்து படம் பிடிக்கும் கருவியைக் கையில் வைத்திருந்த ராணுவம், 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்ல முடியுமா? போர்க்குற்ற விசாரணை கேட்பவர்கள் இன்றுவரை எழுப்பும் கேள்வி இது.

இந்தப் போரைத் தமிழ்நாட்டின் தெருக்களுக்கு எடுத்து வந்ததில் அரசியல் மேடைகளுக்கு இணையான பங்கு சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் உண்டு. 2008 அக்டோபரில் திரைத்துறையினர் ராமேஸ்வரத்தில் திரண்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நடிகர் நடிகைகள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே மாதம் நடிகர் விஜய் தன் ரசிகர் மன்றத்தினரோடு தனியாக உண்ணாவிரதம் இருந்தார். முதல் நாள் முதல் காட்சிக்குக் கட்அவுட் கட்டுகிற இளைஞர்கள், அன்று ஒரு போரை நிறுத்தச் சொல்லிப் பட்டினி கிடந்தார்கள்.

2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படம், போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலை உலகத்தின் வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது. 2013 பிப்ரவரியில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாயின: ஒன்றில் மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான், இன்னொன்றில் நெஞ்சில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். அடுத்த மாதம் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம், நெல்லை உட்பட மாநிலம் முழுக்கப் பரவியது. கல்லூரிகளைக் காலவரையின்றி மூடும் நிலைக்கு அரசு வந்தது.

ஆனால் அத்தனை முழக்கத்திலும் குண்டு இருந்தது, கிபிர் இருந்தது, வண்டு இல்லை. குண்டுக்கு வழிகாட்டிய கண்ணைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இன்றைய போர்களில் அந்தக் கண்ணுக்கே ஆயுதமும் முளைத்துவிட்டது.

2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவின் பிரிடேட்டர் ட்ரோன் ஏவுகணை வீசியது. 2004 முதல் பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளிலும் அது தொடர்ந்தது. ஓட்டுபவர் பல ஆயிரம் மைல் தள்ளி, அமெரிக்காவில் ஓர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். 2012 அக்டோபரில் வடக்கு வசிரிஸ்தானில் வயலில் நின்ற ஒரு பாட்டி அப்படிக் கொல்லப்பட்டார். பேரப்பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வாஷிங்டன் போய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் சாட்சி சொன்னது. கேட்க வந்த உறுப்பினர்கள் ஐந்தே பேர். நீல வானம் இப்போது பிடிக்கவில்லை, மேகம் மூடியிருந்தால்தான் ட்ரோன் வராது என்று 13 வயதுப் பேரன் அங்கே சொன்னான்.

2014-இல் கலைஞர்கள் சிலர் பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் ஒரு வெட்டவெளியில் ஒரு குழந்தையின் முகத்தைப் பிரம்மாண்டமான பேனராக அச்சிட்டு விரித்து வைத்தார்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு மனிதர்கள் வெறும் புள்ளிகளாகத் தெரியக் கூடாது, ஒரு முகம் தெரியட்டும் என்பது அவர்கள் எண்ணம். பேனர் விஷயத்தில் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த நாளுக்கும் பட வெளியீட்டுக்கும் நெல்லை ஜங்ஷனில் எழும்பும் முகங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும்.

ரசிகர்களுக்கு ட்ரோன் புதிதும் இல்லை. சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு நடிகர் அஜித்குமார் 2018-இல் ஆலோசகராக இருந்தார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ அவசர உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் குழு இரண்டாமிடம் பிடித்தது. விமானவியல் பக்கமே போகாத எத்தனையோ ரசிகர்கள் அந்தச் செய்தியைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஓர் அபிமான முகம் காட்டினால், கடினமான தொழில்நுட்பமும் ஒரே நாளில் டீக்கடைப் பேச்சாகிவிடும். நல்ல பக்கத்தை அப்படித் தெரிந்துகொண்டவர்கள் மற்றப் பக்கத்தையும் தெரிந்துகொள்ள மாட்டார்களா?

தெரிந்துகொள்ள வேண்டிய நேரமும் இதுதான். 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியதாக இந்திய அரசு சொன்னது. மறுநாள் இரவு பஞ்சாபின் ஃபெரோஸ்பூரில் ஒரு குடும்பம் வீட்டிலேயே தீக்காயப்பட்டது. அந்த நாட்களில் செய்திச் சேனல்கள் பல, போர் அபாயச் சங்கொலியைப் பின்னணி இசைபோல ஓடவிட்டன. நிஜமாகச் சங்கு ஊதும்போது மக்கள் பொருட்படுத்த மாட்டார்கள் என்று அரசே தலையிட்டு, நிகழ்ச்சிகளில் அந்த ஒலியைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ட்ரோன் போரை ஒரு தொலைக்காட்சித் தொடர்போலக் காட்டினால் அப்படித்தான் ஆகும்.

கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் என்று மூன்றையும் வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. போர் எங்கோ நடக்கிறது என்று இருந்துவிடும் வசதி நெல்லைக்கு இல்லை.

சாட்சிகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோபாலசமுத்திரத்திலும் பாளையங்கோட்டை பெருமாள்புரத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் போரின் முந்தைய கட்டங்களில் வந்தவர்கள். ஆனாலும் வன்னியில் அகப்பட்ட உறவுகளின் கதை அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி கேலம் மக்ரே இயக்கிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு 2014-இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. அவர் இந்தியர்கள் இலவசமாகப் பார்க்கட்டும் என்று அதை இணையத்தில் விட்டார். ரசிகர் மன்றத்துத் தம்பிகளே, அடுத்த பிறந்த நாள் விழாவில் நோட்டுப் புத்தகம் கொடுங்கள், ரத்ததானம் செய்யுங்கள். அதோடு அந்தப் படத்தைப் பாருங்கள்; ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, முகாமிலிருந்து ஒரு பெரியவரை மேடைக்கு அழைத்து வண்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.