காசர்கோட்டுக்கு எட்டு மணி நேரம்

திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோட்டுக்கு முதல் வந்தே பாரத் 2023 ஏப்ரல் 25 அன்று கிளம்பியது. சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்ட வகை வண்டி அது. ஆனால் ஏறத்தாழ 585 கிலோமீட்டரைக் கடக்க 8 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சராசரி வேகம் 73 கிலோமீட்டர்தான். மீதி வேகத்தைத் தின்பது தடம். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918இல், மீட்டர் கேஜில். கோட்டயம் வழியாக எர்ணாகுளத்தோடு இணைப்பு கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1970களில் அகலப் பாதை வந்தபோதும் குன்றையும் காயலையும் சுற்றிப்போகும் வளைவுகள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டன. வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80இல் ஓடும் வண்டியை அதே வளைவில் 200இல் விட்டால் தள்ளுவிசை ஆறேகால் மடங்காகிவிடும். பிரேக் போட்டு நிறுத்தத் தேவைப்படும் தூரமும் ஏறக்குறைய இதே கணக்கில் நீளும்.

ஜப்பான் தன் 1067 மில்லிமீட்டர் பழைய தடத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கவில்லை. 1435 மில்லிமீட்டரில் புதுத்தடமே போட்டு, 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோ–ஒசாகா இடையே ஷின்கான்செனை ஓட்டியது. அதில் லெவல் கிராசிங் கிடையாது, சரக்கு வண்டி கிடையாது. வேகக் கட்டளை ஓட்டுநர் அறைக்குள்ளேயே தெரியும். கேரள அரசின் சில்வர்லைன் திட்டமும் அதே வழிதான்: திருவனந்தபுரத்தின் கொச்சுவேளியிலிருந்து காசர்கோடு வரை 529 கிலோமீட்டர், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், நான்கு மணி நேரத்துக்குள் பயணம். இருக்கும் தடத்தின் வளைவுகளை நிமிர்த்தினால் போதாதா என்று கேட்கிறார்கள். நிமிர்த்தவும் நிலம் வேண்டும். அதற்குப் பிறகும் பாசஞ்சரும் சரக்கு வண்டியும் அதே தண்டவாளத்தில்தான் முன்னால் போகும். ஒரு விரைவு வண்டிக்கு வழிவிடப் பல வண்டிகள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். வண்டிகளின் வேகங்களுக்கிடையே வித்தியாசம் கூடக்கூடத் தடத்தின் கொள்ளளவு குறையும். ஆகவே தனித்தடம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் தயங்குவது அந்தத் தடத்தை எதன்மேல் போடுவது என்ற இடத்தில். திட்டத்தில் சுமார் 293 கிலோமீட்டர், அதாவது பாதிக்கு மேல், மண்கரை. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. ரயில் பாதையோ வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மதகுகள் வைத்தால் தண்ணீர் போய்விடும் என்ற வாதம் ஓடைக்குப் பொருந்தும். வயல் முழுவதும் பரவி நகரும் வெள்ளத்துக்குப் பொருந்தாது. 2018 ஆகஸ்டில் கேரளம் கண்டது அத்தகைய வெள்ளத்தைத்தான். இ. ஸ்ரீதரன் போன்ற பொறியாளர் இந்தக் கரையை எதிர்த்ததையும், திட்டத்துக்காக நட்ட மஞ்சள் அளவுக்கற்களை மக்கள் பிடுங்கியதையும் வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த எதிர்ப்பிலிருந்து தனித்தடமே கூடாது என்ற முடிவுக்கும் தாவ முடியாது. 2011இல் திறந்த பெய்ஜிங்–ஷாங்காய் பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல்தான் போகிறது. தூணுக்கடியில் நீரும் போகும், வழியும் இருக்கும், நிலமும் குறைவாகவே போகும். செலவு கூடும், உண்மைதான். 63,941 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட மதிப்பீடு மண்கரையை நம்பிப் போட்டது. தூண்களுக்கான கணக்கைப் போட்டு, வீடு இழப்பவர்களின் முன் வைத்த பிறகே அடுத்த அளவுக்கல்லை நட வேண்டும்.